பதின்மூன்றா, ஒன்பதா?

முடியும்வரை கேளுங்கள், முடிவில் உங்களை ஒன்று கேட்பேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்த உமையாள், அந்தப் பருவத்தில் எழுத்துக் கட்டுரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏதாவது ஒரு செய்முறையை விளக்க வேண்டும். வீடியோவோ, ஒலிப்பதிவோ, கணினியில் வரைந்த படமோ, அவரவருக்குக் கைவந்த வடிவத்தில்.

அப்படி மாற்றியதற்குக் காரணம் சகாய ரெஜினா. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழியில் மளமளவென்று பேசுவாள். எழுதினால் வாக்கியம் உடையும். போன பருவம் கட்டுரையில் தேறவில்லை. இந்த முறையும் இருபதுக்குப் பத்து வாங்காவிட்டால் தேர்வு எழுத முடியாது.

உப்பளத்தில் நின்று, உப்பு விளையும் விதத்தைச் சைகையில் சொல்லி வீடியோ எடுத்து வந்தாள். உமையாளுக்குச் சைகை தெரியாது. மொழிபெயர்க்கத் தங்கேஸ்வரன் என்பவர் வந்தார். உப்பளத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். வகுப்பில் படம் ஓட, பக்கத்தில் நின்று குரல் கொடுத்தார். அந்தக் குரலை ரெஜினாவின் கைபேசி எழுத்தாக்கிக் காட்டிக்கொண்டே இருந்தது.

படம் முடிந்ததும் உமையாள் பதின்மூன்று என்று குறித்தார். வகுப்பு கைதட்டியது. ரெஜினா மட்டும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், எதையோ தட்டி உமையாளிடம் நீட்டினாள்.

"கடைசி நான் தப்பு. சார் சரி பண்ணி சொல்லிட்டார்."

உமையாள் தங்கேஸ்வரனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"உப்பு படிஞ்சதும் மிச்சத் தண்ணிய வடிச்சுடணும் மேடம், இல்லன்னா உப்பு கசக்கும். இந்தப் பொண்ணு, முழுசா வத்துற வரைக்கும் விடணும்னு சொல்லிருச்சு. நான் மாத்திச் சொன்னேன்."

"ஏன்?"

"மத்த பிள்ளைங்க பேசுறப்ப ஒரு வார்த்தை பிசகினா, நீங்களா சரியா எடுத்துக்கிறது இல்லையா? அவ்வளவுதான் நானும் செஞ்சேன்."

அந்தப் பகுதிக்கு நாலு மதிப்பெண். உமையாளின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. உண்மையைச் சொன்னவளையா கீழே தள்ளுவது? ரெஜினா அவர் முகத்தையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் உமையாள் பதின்மூன்றை அடித்து ஒன்பது என்று எழுதினார். அதன்பின் அன்று எந்த வகுப்பிலும் அவருக்கு மனம் நிலைகொள்ளவில்லை.

இரக்கப்பட்டு மாற்றிச் சொன்னார் ஒருவர். தேறாமல் போவோம் என்று தெரிந்தும் அதை மறுத்தாள் ஒருத்தி. மனம் கேளாவிட்டாலும் மதிப்பெண்ணைக் குறைத்தார் இன்னொருவர். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா செய்ததே சரி. தங்கேஸ்வரன் திருத்தியது வார்த்தையை அல்ல, விடையை. உமையாள் நியாயமாக நடந்ததுபோலத் தோன்றும். ஆனால் ஓரிடத்தில் மாறிய குரல் மற்ற இடங்களிலும் மாறியிருக்கலாம் என்று அவர் யோசிக்கவில்லை. பதின்மூன்று என்பது தங்கேஸ்வரனின் பேச்சுக்குப் போட்டது. அதில் நாலைக் கழித்தால் அது ரெஜினாவின் மதிப்பெண் ஆகிவிடாது. இது உறைத்ததும் உமையாள் வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து, திங்கட்கிழமை அந்த வீடியோவை முதலிலிருந்து பார்த்தார். ரெஜினா சொல்லியும் முன்னவர் விட்டுவிட்ட, ஓடும் எழுத்தில் அவள் கண்ணுக்கும் தப்பிய இரண்டு விவரங்கள் கிடைத்தன. பதினொன்று வந்தது. வராமல் போயிருந்தாலும் விடை இதுதான்.