மஞ்சள் தூளும் நாவல் மொட்டும்

புயலில் கூடு இருந்த மரம் சாய்ந்துவிட்டது. தேனீக் கூட்டம் முழுவதும் பக்கத்துக் கிளையில் கொத்தாகத் தொங்கியது. வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்த தேன் சில நாளைக்குத்தான் காணும். அதற்குள் பூ உள்ள இடமாகப் பார்த்துக் குடிபோகாவிட்டால் கூட்டமே பட்டினியில் மடியும்.

மிடுக்கி, செம்பி என்ற இரண்டு தேனீக்கள் ஆளுக்கொரு திசையாக இடம் தேடிப் போனார்கள். தேனீக்களுக்கு ஆட்டம்தான் பேச்சு. யாருடைய ஆட்டத்துக்கு ஆள் சேருகிறதோ, அவள் காட்டிய இடத்துக்கே எல்லோரும் போவார்கள். மிடுக்கி ஆட்டத்தில் கெட்டிக்காரி. செம்பிக்கோ நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சம்.

மிடுக்கி உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு திரும்பினாள். பைன் மரச் சரிவில் மகரந்தம் புகைபோலப் பறக்கிறது, நல்ல பொந்தும் இருக்கிறது என்று சுழன்று சுழன்று ஆடினாள். கூட்டம் சொக்கிப்போய் அவளோடு சேர்ந்து ஆடியது.

செம்பி அந்தச் சரிவையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆட்டத்தை நிறுத்த வேண்டுமானால் ஆடுகிறவளைத் தலையால் முட்ட வேண்டும். அதுதான் தேனீக்களின் வழக்கம். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு போய் முட்டினாள்.

“என்னடி, பொறாமையா?” என்றாள் மிடுக்கி.

“தூள் கிடைத்தது சரி அக்கா. தேன் ஒரு சொட்டாவது குடித்தாயா?”

மிடுக்கி ஆட்டத்தை நிறுத்தினாள்.

செம்பி தயங்கித் தயங்கிச் சொன்னாள். பைன் மரத்தில் இருப்பது கூம்பு. அதன் செதில்களின் மேல் விதை மூடாமல் கிடக்கிறது. ஓடைக்கரைப் பெரணிச் செடியின் இலைக்கு அடியிலும் பழுப்புத் தூள் உண்டு. ஆனால் அதற்கு விதையே கிடையாது. இரண்டுமே பூக்காதவை; பூ இல்லாவிட்டால் தேனும் இல்லை. மேட்டில் நிற்கும் நாவல் மரத்தடியில் போன வருஷத்துப் பழம் காய்ந்து கிடக்கிறது.

“பழத்துக்குள் விதை இருந்தால், அந்த மரம் பூத்த மரம். இப்போது கிளையெல்லாம் மொட்டு. பொந்தும் இருக்கிறது.”

“மொட்டையா தின்பது?” என்று ஒருத்தி கேட்டாள். கூட்டம் சிரித்தது.

செம்பி மிடுக்கியின் வாயில் ஒரு சொட்டு ஊட்டினாள். வெயில் பட்ட கீழ்க்கிளையில் முந்தி விரிந்த பூவின் தேன் அது.

மிடுக்கி அதைச் சுவைத்துப் பார்த்தாள். உடம்பிலிருந்த மஞ்சள் தூளைக் காலால் தட்டிவிட்டாள்.

“தள்ளிக்கோ செம்பி, உனக்கு ஆட வராது. நாவல் மரம் எந்தப் பக்கம், அதை மட்டும் சொல்லு.”

அன்று மாலையே கூட்டம் நாவல் பொந்தில் குடியேறியது. வயிற்றுத் தேன் தீருவதற்குள் மரம் முழுக்கப் பூத்துவிட்டது.

மேலே ஒட்டியதைக் கண்டு மயங்காமல், இன்னது இன்ன இனம் என்று ஆராய்ந்து அறிகிறவரே தம்மையும் தம் கூட்டத்தையும் காப்பார்.