கடைசியில் நிற்கும் பெண்

“ஒரு பொய்யை எழுதிட்டேன் தாயே. அழிச்சிடலாமா?”

கேட்டவர் தாணுமாலயன். எழுபத்தொரு வயது. அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் பிழை திருத்தியவர். மலையடிவார மடத்தில் இருந்த தவமணி அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மையார்தான் குரு.

“என்ன பொய்?”

அவர் துணிப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தார். கெட்டி அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். அவருடைய அக்கா கல்யாணத்தில் எடுத்தது.

மனைவி போன பிறகு வீட்டில் அவர் மட்டும்தான். பரணிலிருந்த பெட்டியை இறக்கி, ஏழு மாதமாகப் பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பூஞ்சை பிடித்தவற்றைப் பஞ்சால் துடைத்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்தார். மை ஊறிவிடும் என்று, பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதினார்.

“யாருப்பா பார்க்கப் போறா இதையெல்லாம்?” என்று மகன் போனில் கேட்டான்.

அவர் போனை வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

“நானூத்திப் பன்னிரண்டு படம் தாயே. எல்லா முகத்துக்கும் பேர் கிடைச்சாச்சு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் கிடைக்கலை.”

வரிசையின் கடைசியில் ஒரு பெண். பந்தல்காலின் நிழல் பாதி முகத்தை மறைத்திருந்தது.

“யாரையும் கேக்கலையா?”

“கேக்க யாரு இருக்கா? எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. செண்பகவடிவு அத்தை மட்டும் தென்காசிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருக்கிறதா தெரிஞ்சது. போனேன்.”

“சொந்த அத்தையா?”

“அப்பாவோட கூடப்பிறந்த தங்கச்சி. வேற சாதியில கட்டிக்கிட்டாங்கன்னு அப்பா ஒதுக்கி வச்சிட்டார். இந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடலை. பத்திரிகை கொடுக்க அப்பாவோட நானும்தான் போனேன். அவங்க தெருவுக்குள்ளேயே நாங்க திரும்பலை.”

அம்மையார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு வருஷமா அவங்களைத் தேடி யாரும் வரலையாம். நான் யாருன்னு சொன்னதும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் இந்தப் பொண்ணு மேல விரலை வச்சு, ‘இது நான்தான்’னாங்க.”

“அவங்களா?”

“இல்லை தாயே. அத்தை குள்ளம். இந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கிற என் மாமா உயரத்துக்கு இருக்குது பாருங்க. ஆனா அவங்க விடலை. ‘அண்ணன் கூப்பிட்டாரு, வந்தேன். ஓரமா நின்னுக்கிட்டேன். என் பேரை எழுதுடா’ன்னாங்க. எழுதிட்டேன்.”

அம்மையார் படத்தைத் திருப்பினார். பதிமூன்று பெயர்கள், மணிமணியான எழுத்தில். கடைசியில் ‘செண்பகவடிவு’. அது மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது.

“வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தினவன் நான். தப்புன்னு தெரிஞ்சும் விட்டு வச்சிருக்கேன். ராத்திரி பகலா உறுத்துது.”

“எழுதி முடிச்சதும் அவங்க என்ன சொன்னாங்க?”

தாணுமாலயன் துணிப்பையை மடித்து மடியில் வைத்தார்.

“‘சாப்பிடாமலே கிளம்பிட்டேன்டா. யாராவது என்னைத் தேடினாங்களா?’ன்னு கேட்டாங்க.”

“நீங்க?”

அவர் குரல் இறங்கியது.

“‘தேடினோம் அத்தை. உங்களுக்கு இலை போட்டுட்டு எங்க அம்மா ரொம்ப நேரம் காத்திருந்தாங்க’ன்னு சொன்னேன். கேட்டுட்டு, என் கையை விடாமலே தூங்கிட்டாங்க.”

“அதுவும் பொய்தானே ஐயா?”

“ஆமா.”

“அதை எதை வச்சு அழிப்பீங்க?”