மாலை கழற்றிய கை

கேட்பவர்கள் ஒன்று செய்தால் போதும்: கேள்வி வரும்வரை யாருக்கும் பரிந்து பேசாதிருக்க வேண்டும்.

கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் சின்னராசு வெல்டர். முதலாளி பகலெல்லாம் "டேய்" என்பார். அவன் "சரிங்க" என்பான். வீட்டில் மனைவி பூங்கொடியை அடிப்பான். முன்பெல்லாம் இதைப் பித்தம் என்றார்கள். மனநல மருத்துவர், மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் சரியாக வேலை செய்யாதபோது கோபத்தை அடக்குவது சிலருக்குக் கடினமாகும் என்று சொல்லி, தினம் ஒரு கேப்சூல் எழுதிக் கொடுத்தார். பெயராவது முன்னேறியது.

சில வாரங்களில் அடி நின்றது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டான். கேப்சூலின் கூடு மாட்டெலும்புப் பசையில் செய்தது, விரதத்துக்கு ஆகாது என்றார் குருசாமி. அன்றோடு மருந்தை நிறுத்தினான். அப்போதும் கை எழவில்லை. ஊரே அவனைச் "சாமி" என்றது, முதலாளி உட்பட. பூங்கொடி தினமும் அவன் பாதம் தொட்டுக் கும்பிட்டாள்.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினான். அந்த வாரமே ஒரு பஸ் கதவு கோணலாகப் பொருந்தியது. "கண்ணை எங்கடா வெச்சிருக்க?" என்றார் முதலாளி. "சரிங்க" என்றான். வழியில் அவன் சட்டையில் டீயைக் கொட்டிய கடைக்காரரிடம் "பரவாயில்லீங்க" என்றான். வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்பில்லை என்று பூங்கொடியைக் காதோடு சேர்த்து அறைந்தான். அந்தக் காது போயிற்று.

அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னராசுவும் குருசாமியும் அங்கே வர, அவள் திரும்பிப் போவதா, வேண்டாமா என்று எல்லாரும் பேச உட்கார்ந்தார்கள்.

"நிறுத்தினாலும் அந்த மருந்து சில வாரம் உடம்புல நிக்குமாம். விரதத்துல அமைதியா இருந்தது அதனாலயா இருக்கும்னாங்க டாக்டர். மறுபடி ஆரம்பிச்சுடலாம்" என்றான் அண்ணன்.

"மாலைதான்ப்பா அவனைக் கட்டிப் போட்டுச்சு. மாசி பூஜைக்கு இன்னொரு மாலை போட்டுடலாம்" என்றார் குருசாமி.

சின்னராசு அழுதான். "எல்லாரும் சாமின்னு மதிச்சீங்க, மனுசனா இருந்தேன். அதுதான் நான். அடிச்சது நான் இல்லீங்க மச்சான், வியாதி. இவ என்னைய அப்படியே மதிச்சு நடந்தாப் போதும்."

குரங்குக் கூட்டத்தில் மற்றவை பணியும்வரை தலைவனின் ரத்தத்தில் செரட்டோனின் ஏறியிருக்கும், பணிவு நின்றால் இறங்கும் என்று ஓர் ஆய்வு உண்டு. சின்னராசு அதைப் படித்தவனல்ல, ஆனால் பூங்கொடியிடம் கேட்டது அந்தப் பணிவைத்தான்.

"நீயாவது கேப்சூலைப் பிரிச்சு மோர்ல கலந்து குடுத்திருக்கலாமில்ல புள்ள?" என்றாள் அண்ணி.

"கூட்டை நான் தின்னுக்கணுமாக்கும்" என்றாள் பூங்கொடி.

மருந்தா, மாலையா, மரியாதையா? இவர்களில் யார் சொன்னது சரி? யாரை நம்பிப் பூங்கொடி திரும்பிப் போகலாம்?

விடை: அமைதி எதனால் வந்தது என்பதில் மூவருமே ஓரளவு சரியாக இருக்கலாம். அடியைப் பற்றி மூவரும் தவறு. செரட்டோனின் குறைந்தால் கோபம் சுலபமாக மூளலாம். யார்மேல் கை வைக்கலாம் என்று அது பார்த்துச் சொல்வதில்லை. பட்டறையிலும் டீக்கடையிலும் அடங்கியிருந்த கை வீட்டில்தான் எழுந்தது. ஆகவே, யாரை நம்பியும் போகலாகாது. பூங்கொடியே இதை அங்கே இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: "பட்டறையில அந்த வியாதி வரலீங்களே." அதைக் கேட்டுவிட்டு, அண்ணன் அவளுக்கும் சின்னராசுவுக்குமாக ஓர் ஆட்டோ கூப்பிடப் போனான். அண்ணி அவளுடைய பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.