கால் இல்லாத பறவை

கடலோரக் குன்றின் மேல் இருந்தது இசக்கியம்மாளின் மடம். தினமும் விளக்கு வைத்ததும் சீடர்களுக்கு ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டுவது அங்கே வழக்கம். மேகம் மூடிய நாட்களில் பழைய வான்படம் ஒன்றைச் சுவரில் மாட்டிப் பாடம் நடக்கும்.

அன்று மேகம். அருணகிரி மட்டும் வந்திருந்தார். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு இசக்கியம்மாளைவிட ஒன்பது வயது மூத்தவர். குருவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து, கையெழுத்துப் பிரதியைக் காலையிலேயே அவரிடம் கொடுத்திருந்தார். மறுநாள் அது அச்சுக்குப் போக வேண்டும். பாராட்டுக்காகக் காத்திருந்தார். மனிதர் அதை மறைக்கவும் இல்லை.

இசக்கியம்மாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "தெற்கு வானத்துல இருக்கிற பறவைகளைச் சொல்லுங்க" என்றார்.

அருணகிரி படத்தில் விரல் வைத்துச் சொன்னார். "கொக்கு. மயில். இது பீனிக்ஸ். இது பெரிய அலகுப் பறவை, டுக்கான். இது சொர்க்கப் பறவை." விரல் அங்கேயே நின்றது. "இதுக்கு மட்டும் கால் வரையலையே அம்மா. மறந்துட்டாங்களா?"

"மறக்கல. கால் இல்லைன்னே நம்பினாங்க. கிழக்குத் தீவுகள்ல இந்தப் பறவையைப் பிடிச்சு, பதப்படுத்தி விக்கிறவங்க காலை வெட்டிடுவாங்க. இறகுதானே அழகு, கால் எதுக்குன்னு. கப்பல் போய்ச் சேர்ந்த ஊர்ல அதைப் பார்த்தவங்க, இது தரையில இறங்காத பறவை, பனியைக் குடிச்சே உயிர் வாழுதுன்னு எழுதினாங்க. அப்புறம் வானத்துலயும் வச்சுட்டாங்க."

அருணகிரிக்குச் சிரிப்பு வந்தது. "படிச்ச மனுசங்க! உயிரோட ஒண்ணைப் பார்த்துட்டு எழுதக் கூடாதா?"

இசக்கியம்மாள் கையெழுத்துப் பிரதியை எடுத்து அவர் முன் வைத்தார். "பன்னிரண்டு வயசுல வானத்தைப் பார்க்க ஆரம்பிச்சேன்னு எழுதியிருக்கீங்க. அடுத்த பக்கத்துல எனக்கு முப்பது வயசு, குன்று ஏறிட்டேன். நடுவுல?"

அருணகிரிக்குத் தெரியும். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு மகள். அவளை ஆறு வயதில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் குரு. அதைக் குருவே உட்கார்ந்து சொன்னார், அருணகிரியும் எழுதினார். பிறகு அருணகிரி தானாகவே அதை எடுத்துவிட்டார். அந்த மகள் வடிவு பௌர்ணமிதோறும் பஸ் ஏறி வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் யாரென்று அங்கே மற்றவர்களுக்குத் தெரியாது.

"படிக்கிறவங்க மனசு சங்கடப்படும்னுதான் எடுத்தேன். நல்ல எண்ணம்தாம்மா."

"காலை வெட்டினவனும் கெட்ட எண்ணத்துல வெட்டல."

அருணகிரிக்கு முகம் சுண்டிவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் முப்பது வருஷ ஆபீஸ் பழக்கம் சுலபத்தில் விடுமா? "இப்போதைக்கு இப்படியே போகட்டும் அம்மா. ரெண்டாம் பதிப்புல சேர்த்துக்கலாம்."

"சரி" என்றார் இசக்கியம்மாள். "புத்தகம் வந்ததும் முதல் பிரதியை வடிவு கையில நீங்களே குடுங்க. அவ தன் பேரைத் தேடி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."