கறுப்புப் பெட்டியின் நிறம்

மும்பையிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட விமானத்தில் இசக்கிமுத்து எதையாவது கேட்டுக்கொண்டே வந்தான். விமானம் ஏறுவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அவனுடைய குரு. துறவு ஏற்பதற்கு முன் விமானப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர் என்பதால் அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"இறக்கைக்குப் பின்னால ஏதோ நீளுதே, அது என்ன சாமி?"

"ஃபிளாப். வேகம் கம்மியா இருக்கும்போது தாங்கிப் பிடிக்கும்."

இறக்கையின் நுனி ஏன் மேலே வளைந்திருக்கிறது என்றான். அதற்குப் பெயர் விங்லெட், எரிபொருள் செலவைக் குறைக்கும் என்றார் குரு. சக்கரம் எங்கே போயிற்று என்றான். வயிற்றுக்குள் மடங்கிவிட்டது என்றார்.

அதே வயிற்றில் வேறு என்ன இருக்கிறது என்று மட்டும் அவன் கேட்கவில்லை. கீழே சரக்கு அறையில், ஆணி அடித்த பெட்டிக்குள், அவன் தம்பி சுடலைமணி கிடந்தான். மும்பையில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனவன்.

வீட்டைப் பாகம் பிரித்தபோது வந்த சண்டையிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. குருவின் ஆசிரமத்தில் இத்தனை வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்தும் இசக்கிமுத்துவுக்கு அந்தக் கோபம் அசையவில்லை. சாவதற்கு முந்தின நாள் சுடலைமணி அண்ணனுக்குப் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பியிருந்தான். அதைத் தாயிடமும் சொல்லியிருந்தான். என்ன பேசினான் என்று அவள் போனில் அழுதுகொண்டே கேட்டாள். நேரில் வந்து சொல்கிறேன் என்று இவன் வைத்துவிட்டான். இப்போது அவள் மதுரை விமான நிலையத்தில் சரக்கு வாங்கும் வாசலில் காத்திருந்தாள்.

"கறுப்புப் பெட்டின்னு சொல்லுதாங்களே, அது எங்க இருக்கு சாமி?"

"வால் பக்கம். பேருதான் கறுப்பு. நிறம் ஆரஞ்சு. விழுந்த இடத்துல கண்ணுல படணுமில்லா."

"உள்ள என்ன இருக்கும்?"

"ஓட்டுறவங்க கடைசியாப் பேசினது."

இசக்கிமுத்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அணைத்து வைத்திருந்த போன். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி அனுப்பினத நான் கேக்கவே இல்ல சாமி. அவன் குரலக் கேட்டா இளகிருவேன்னு அழிச்சிட்டேன்."

குரு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார்.

தம்பி பேசியதாக அம்மாவிடம் சொல்ல ஒன்று யோசித்து வைத்திருப்பதாக அவன் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான், நடந்ததை மறந்துவிடச் சொன்னான், மன்னிப்புக் கேட்டான். இதைச் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் மனசு ஆறும்.

"யாரு மன்னிப்புக் கேட்டது?"

"தம்பிதான் சாமி."

குரு திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

விமானம் இறங்கத் தொடங்கியது. பெல்ட் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது. இறக்கைக்குப் பின்னால் ஃபிளாப் நீண்டது. இந்த முறை அவன் அதைப் பார்க்கவில்லை. காலடியில் எதுவோ கடகடவென்று சத்தம் போட்டது, சக்கரம்தான். அவன் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான்.

கடைசியாக ஒன்று கேட்டான்.

"அந்தக் கறுப்புப் பெட்டி கிடைக்காமலே போச்சுன்னா, என்ன பேசினாங்கன்னு அறிக்கையில எழுதுவாங்க சாமி?"

"கிடைக்கலன்னு எழுதுவாங்க" என்றார் குரு.