நாற்பது பெட்டி கடலைமிட்டாய்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: ஆர்டர் வாங்கும் ஆர்டரக்கா, சரக்கைக் காக்கும் கிடங்கு அண்ணாச்சி, வண்டி அனுப்பும் பட்டுவாடாத் தம்பி, பில் போடும் கணக்குப்பிள்ளை, இந்த நால்வருக்கும் நடுவே சேதி கொண்டுபோகும் அஞ்சல். ஆக ஐந்து பேர். ஐவரும் கோவில்பட்டியில் ஒரு மிட்டாய்க் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் ஓடும் மென்பொருள்கள். அவர்களுக்கு இடமும் வெளிச்சமும் கொடுத்து, யாராவது மயங்கி விழுந்தால் தட்டி எழுப்புவது கூடம். அதையும் சேர்த்தால் ஆறு.

"அண்ணாச்சி இந்தா பக்கத்துலதான் இருக்காரு. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்ல நடுவுல இந்த அஞ்சல் எதுக்கு?" என்றாள் ஆர்டரக்கா.

"அதானே. சும்மா நின்னு நம்ம பேச்சை ஒட்டுக் கேக்கான்" என்றான் பட்டுவாடா.

"இவன் இடத்தை எனக்குக் கொடுத்தா நான் கொஞ்சம் கால் நீட்டிக்கிடுவேன்" என்றார் கணக்குப்பிள்ளை.

அஞ்சலுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தெரியாது.

"இன்னைக்கு நீங்களே பேசிக்கிடுங்க" என்றது கூடம். "சரியா நடந்துட்டா, சாயங்காலம் அஞ்சலை வேலையை விட்டு அனுப்பிடுதேன்."

அஞ்சல் தன் பையோடு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். அந்தப் படிக்கு அப்பால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

நால்வரும் ஆளுக்கு ஆள் நேராகப் பேச ஆறு கம்பி இழுக்க வேண்டியிருந்தது. கட்டி முடிப்பதற்குள் பட்டுவாடா இரண்டு தரம் தடுக்கி விழுந்தான்.

முதல் ஆர்டர் வந்தது. எட்டயபுரத்துப் பேச்சியம்மாள், மகள் வளைகாப்புக்கு நாற்பது பெட்டி கடலைமிட்டாய் கேட்டிருந்தாள். மதியத்துக்குள் வேண்டும்.

"அண்ணாச்சி, நாற்பது!" என்றாள் ஆர்டரக்கா.

பதில் இல்லை. அண்ணாச்சி அந்நேரம் பார்த்து மயங்கி விழுந்திருந்தார்.

"அண்ணாச்சி, நாற்பது!" ஆர்டரக்கா குரலை உயர்த்தினாள். "காது அடைச்சிருக்கா? நாற்பது!"

கூடம் தட்டி எழுப்பியது. கம்பியில் தேங்கி நின்ற மூன்று கூச்சலும் அண்ணாச்சியின் காதில் ஒன்றாக விழுந்தன. அவருக்குத் தெரிந்தது கிலோக் கணக்கு மட்டும்தான். மூன்று நாற்பதையும் கூட்டி, நூற்றிருபது கிலோ என்று மிட்டாய் கட்டுகிற இடத்துத் திரைக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே வேலை பார்க்கும் மாடசாமி திரையைப் பார்த்தார்.

"ஏ சண்முகத்தாயி, இங்க வந்து பாரு. ஒரு வளைகாப்புக்கு நூத்தியிருபது கிலோவாம். வயித்துல இருக்கது பிள்ளையா, பட்டாளமா?"

"சிரிக்காதீங்கண்ணே. இம்புட்டையும் கட்ட ராத்திரி ஆயிரும். மதியம் அந்தப் பொண்ணுக்கு என்னத்தை வைப்பாங்க?"

அது திரை வழியே கூடத்துக்குள்ளும் கேட்டது.

"வண்டியில ஏத்த எத்தனை பைன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்றான் பட்டுவாடா.

"நான் மூணு பில் போட்டுட்டேன்" என்றார் கணக்குப்பிள்ளை.

ஆர்டரக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "அஞ்சலு, கொஞ்சம் உள்ள வாயேன்."

அஞ்சல் வந்தான். மூன்று கூச்சலையும் எடுத்துப் பார்த்தான். மூன்றிலும் ஒரே ஆர்டர் எண். இரண்டைப் பைக்குள் போட்டான்.

"பெட்டிக்கு அரைக் கிலோ. இருபது கிலோ, அண்ணாச்சி. பைக்குப் பத்துப் பெட்டி, பட்டுவாடாத் தம்பிக்கு நாலு பை. பிள்ளைவாள், ஒரு பில் போதும்."

"தினமும் இதைத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தியா?" என்றார் அண்ணாச்சி.

"அக்கா பெட்டியில சொல்லுவாங்க, உங்களுக்குக் கிலோதான் புரியும். மாத்திச் சொல்லுவேன்."

"நான் விழுந்து கிடக்கும்போது?"

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும் சேதி என் பையில இருக்கும். எழுப்புறது கூடத்து வேலை. அது எனக்கு வராது."

அண்ணாச்சி திரையில் அளவைத் திருத்தினார். மதியத்துக்கு முன்பே வண்டி எட்டயபுரம் சேர்ந்தது.

சாயங்காலம் கூடம் தலை எண்ணியது. அஞ்சலையும் சேர்த்து ஐந்து பேரும் இருந்தார்கள். ஆறு கம்பியையும் பட்டுவாடாவே சுருட்டி மூலையில் வைத்தான். அஞ்சலின் பையில் மிச்சம், ஆர்டரக்காவின் கூச்சல் இரண்டு.