படத்தில் இல்லாத ஓடை

ஒரு காட்டில் வீடு கட்டுவதென்றால் அது லேசுப்பட்ட காரியம் இல்லை, குழந்தைகளே. முதலில் தேக்கிலையில் வீட்டின் படத்தை வரைய வேண்டும். அதை ஆலமரத்தடியில் கூடும் வனசபையில் கொடுக்க வேண்டும். தலைவர் கரடியும், உறுப்பினர்களான மயிலும் ஆமையும் இலையில் பாதம் பதித்த பிறகுதான் ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைக்கலாம்.

அந்தக் காட்டின் ஓடைக்கரையில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்குள்ளே பிறந்து பத்தே நாள் ஆன இரண்டு குட்டிகள். சிலுப்பிக்குப் படபடப்பு வந்தால் முதுகு முட்கள் கலகலவென்று சத்தம் போடும். ஒருநாள் அது போட்ட சத்தத்தில், பகலெல்லாம் தூங்கும் ஆந்தைகூட விழித்துக்கொண்டது.

படபடப்புக்குக் காரணம் இருந்தது. வெயிலில் வற்றிக் கிடந்த ஓடைக்குள் நரி இறங்கி, கரைக்குக் கரை குச்சி வைத்து அளந்துகொண்டிருந்தது.

சிலுப்பி ஒரே ஓட்டமாக வனசபைக்கு ஓடியது. அங்கே நரியின் தேக்கிலை ஏற்கெனவே விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய தேனடையும் இருந்தது.

"தலைவரே, அது ஓடை. அங்கே வீடு வந்தால் மழைத்தண்ணீர் முழுக்க என் வளைக்குள் பாயும். குட்டிகள் மூழ்கிப்போகும்" என்றது சிலுப்பி.

கரடி தேனை நக்கிக்கொண்டே இலையை இப்படியும் அப்படியும் திருப்பியது.

"படத்தில் ஓடையே இல்லையே?"

"நரி வரையவில்லை, தலைவரே. எழுந்து நூறு அடி நடந்து வந்து பாருங்கள், தெரியும்."

"படம் அழகாக இருக்கிறது. எனக்கு அது போதும்" என்றது மயில்.

"சபையின் விதியில் படத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இல்லை" என்றது ஆமை.

மூன்று பாதங்களும் இலையில் பதிந்தன. நரி சிலுப்பியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனது.

ஆறே நாளில் ஓடையின் குறுக்கே நரியின் வீடு எழும்பி நின்றது. ஓடை இறங்கி வரும் மலையைப் பார்த்த பெரிய வாசல். பின்பக்கம் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சேர்த்து ஒரே மண்சுவர்.

ஏழாம் நாள் காலையில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறின. சிலுப்பி அதைப் பார்த்தது. இன்றைக்கே மழை வரும். குட்டிகளோடு வேறு இடம் போகலாம் என்றால், புது வளைக்கு அனுமதி கேட்டு மறுபடியும் சபைக்குத்தான் போக வேண்டும். சபை இனி அடுத்த மாதம்தான் கூடும்.

முட்கள் கலகலத்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே சிலுப்பிக்கு ஒரு பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது.

அந்தக் காட்டில், புது வீட்டுக்கு அனுமதி கொடுத்தவர்கள்தான் அந்த வீட்டின் முதல் பந்தியில் உட்கார வேண்டும். இலையில் வைத்ததைத் தின்று முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. கரடி தலைவரான பிறகு அந்த வழக்கம் கொஞ்சம் மாறிவிட்டது. விருந்தே ஆலமரத்தடிக்கு நடந்து வந்துவிடும்.

சிலுப்பி கரடியிடம் ஓடியது. "தலைவரே, நடந்தது நடந்துவிட்டது. புது வீட்டில் இன்று மதியம் முதல் பந்தி. சமையல் என் பொறுப்பு."

"என்ன சமைப்பாய்?"

"மூன்று கூடை வள்ளிக்கிழங்கு. எல்லாம் தேனில் ஊறியது."

கரடி எழுந்தே நின்றுவிட்டது. செய்தி கேட்ட நரிக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் தலைவரே தன் வீட்டுக்கு வருகிறார் என்ற பெருமையில் அதை மறந்துபோனது.

நடுப்பகலில் மலை கறுத்துவிட்டது. விருந்தாளிகள் வருவதற்குள் மழை முந்திக்கொண்டால் எல்லாம் போயிற்று. நல்லவேளை, தேன் வாசனை கரடியை விறுவிறுவென்று இழுத்து வந்தது. மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆமை காலையிலேயே புறப்பட்டிருந்ததால் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

எல்லாரும் உள்ளே உட்கார்ந்தார்கள். சிலுப்பி வாசலில் நின்று பரிமாறியது. முதல் கூடை காலியானது. மலையில் இடி இடித்தது. இரண்டாவது கூடை பாதியில் இருந்தது.

அப்போது ஒரு காய்ந்த சருகு மிதந்துகொண்டே வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் ஓடை வந்தது.

"என்ன தண்ணீர் இது?" என்று கரடி துள்ளி எழுந்தது.

"ஓடை, தலைவரே. படத்தில் இல்லாத அதே ஓடை" என்று சொல்லிவிட்டுச் சிலுப்பி கரைமேல் தாவி ஏறியது.

மயில் கரடியின் தலைமேல் ஏறி நின்றது. ஆமை மட்டும் மிதந்தபடியே மென்றுகொண்டிருந்தது. "கிழங்கு இன்னும் மீதி இருக்கிறது. வழக்கப்படி யாரும் எழுந்திருக்கக் கூடாது."

வாசல் வழியாக வெள்ளம் பொங்கி வந்தது. அந்தப் பக்கம் ஒருவராலும் வெளியேற முடியவில்லை. மண்சுவர் தடுத்ததால் கரைமேலே தண்ணீர் ஏறி ஏறிச் சிலுப்பியின் வளை வாசலைத் தொட்டுவிட்டது.

"பின்சுவரை இடியுங்கள், தலைவரே!" என்று சிலுப்பி கத்தியது.

"ஐயோ, என் சுவர். சபையே அனுமதி கொடுத்த சுவர்" என்று நரி அலறியது.

"கொடுத்தவன் நான்தான். தள்ளி நில் அந்தப் பக்கம்" என்றது கழுத்தளவுத் தண்ணீரில் நின்ற கரடி. இரண்டு கைகளாலும் ஓங்கி ஓர் அடி. சுவர் பொலபொலவென்று சரிந்தது. ஓடை தன் வழியில் பாய்ந்து போனது. அதோடு கிழங்குக் கூடைகளும், நரியின் கூரையும் போயின.

சிலுப்பி வளைக்குள் பாய்ந்தது. வாசல் மண் மட்டும் நனைந்திருந்தது. குட்டிகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. சிலுப்பி அவற்றை மோந்து மோந்து பார்த்துவிட்டு, அப்படியே சிரித்துச் சிரித்து அழுதது.

அடுத்த மாதம், வளையில் இன்னோர் அறை தோண்டச் சிலுப்பி தேக்கிலையைக் கொண்டுபோய்க் கொடுத்தது. கரடி இலையைப் பார்க்கவே இல்லை. எழுந்து, மயிலையும் ஆமையையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்தது. வளையைச் சுற்றி மூன்று முறை வந்தது.

பிறகு கேட்டது: "சிலுப்பி, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?"

நீதி: இருந்த இடத்திலிருந்தே அனுமதி கொடுக்காதே, கொடுக்கும் முன் அந்த இடத்தில் போய் நின்று பார்.